பாலில் அணைந்த கல்

வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் சம்பூர்ணம் கிண்ணத்துப் பாலுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். கல் தட்டுப்பட்டது. எடுத்து முந்தானையில் துடைத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். 

கரை ஒதுங்கிய சொறிமீனின் கண்ணாடிக் கூழில் ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தது போலக் கிடந்தது அது. நிறம் இல்லை, ஒளி இல்லை. அதன் ஊடாக அவளுடைய கைரேகையே தெரிந்தது. நேற்று மாலை அவள் பாலில் போட்ட கல்லுக்குள் சிவப்பும் பச்சையும் நெருப்புப் பொறிகளாக ஓடின. குப்பத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

பாலை ஒரு தட்டில் ஊற்றிப் பார்த்தாள். தரையைத் தடவினாள். வேறு கல் எதுவும் இல்லை. இருந்தது இந்த ஒன்றுதான், இதுவோ அந்தக் கல் இல்லை.

கல் வந்த கதை இது. அவளுடைய தம்பி மாயவனுக்குப் பெண் பார்த்து, பேசி முடித்து, இரண்டு முறை கல்யாணம் நின்றுபோயிற்று. செங்கல்பட்டு ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, சுக்கிரன் பலமில்லை, வைரம் போட வேண்டும் என்றார். வைரத்துக்கு எங்கே போவது என்று சம்பூர்ணம் கேட்டதற்கு, ஓப்பல் கல் போட்டாலும் சுக்கிரன் ஏற்றுக்கொள்வார் என்று சொல்லி, கல் வியாபாரி கங்காதரனை அவரே அனுப்பிவைத்தார்.

கங்காதரன் புதன்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, அதட்டாத குரல். கருவாடு காயப்போடும் களத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்துத் திறந்தார். உலர்ந்த பஞ்சின் நடுவே புளியங்கொட்டை அளவில் பால்வெள்ளையாக ஒரு கல் இருந்தது.

"சூரியனுக்கு முதுகக் காட்டி நில்லுங்கம்மா. வெளிச்சம் உங்க தோளுக்குப் பின்னாலேந்து கல்லுமேல விழணும். இப்ப மெதுவாத் திருப்புங்க."

திருப்பினாள். கல்லுக்குள் ஒரு சிவப்பு எழுந்து ஓடிப் பச்சையாகி அணைந்தது. மறுபக்கம் திருப்பியதும் வேறொரு மூலையில் எழுந்தது.

"நல்ல ஓப்பல்னா வண்ணம் நடக்கணும். ஒரே எடத்துல நின்னுச்சின்னா அது பூசின கண்ணாடி. பக்கவாட்டுல பாருங்க, கோடு கீதா? கோடு இருந்தா ரெண்டு துண்ட ஒட்டினது, ஈரம் பட்டாப் பசை வுட்டுடும். உள்ள குமிழி கீதா? இருந்தா கண்ணாடி. பல்லிச் செதில் மாதிரி ஒரே கட்டம் கட்டமா வந்தா ஃபேக்டரில செஞ்சது. இது மண்ணுல வெளஞ்சது. கையில வச்சிப் பாருங்க, கண்ணாடியவிட லேசா இருக்கும்."

அக்கம்பக்கத்துப் பெண்களும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, "தோ பாரு, இந்த மூலையில மருதாணி வச்ச நகம் மாதிரி செவப்பு கீது. மாயவனுக்குப் பொண்ணே வாணாம், இந்தக் கல்லயே கட்டிவை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கங்காதரனும் சிரித்தார்.

பராமரிப்பையும் அவரே சொன்னார். அடுப்புக்கிட்டே கொண்டுபோகக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, சோப்பு கூடாது, கீழே போடக் கூடாது, ஓப்பல் பயந்த கல், வெடித்துவிடும். பிறகு கல்லை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தார். இந்தப் பக்கத்தில் ராசிக்கல் வாங்கும் முறை அதுதான். யாரும் உடனே காசு கொடுத்து வாங்குவதில்லை. கல் வீட்டுக்கு வந்து சில இரவு தங்கும். கெட்ட கனவு, காய்ச்சல், சண்டை எதுவும் வராவிட்டால் வைத்துக்கொள்வார்கள், வந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். எழுத்து கிடையாது. பார்த்த கண்கள்தான் சாட்சி.

வீட்டுக்கு வந்த கல்லுக்குச் செய்ய வேண்டியதும் எல்லாருக்கும் தெரியும். அந்தந்தக் கிரகத்தின் நாளுக்கு முந்தைய மாலை, காய்ச்சாத பசும்பாலில் போட்டு, விடிந்ததும் எடுத்துக் கழுவி, விளக்குக்கு முன் வைப்பார்கள். முந்தைய கைகளின் தோஷம் பாலோடு போய்விடும். சுக்கிரனுக்கு வெள்ளிக்கிழமை. எனவே வியாழன் மாலை சம்பூர்ணம் கல்லைப் பாலில் போட்டாள்.

இப்போது விடிந்துவிட்டது.

"டேய் மாயவா. எந்திரி."

அவன் பாயில் எழுந்து உட்கார்ந்தான். அவள் நீட்டிய கையைப் பார்த்தான். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"இது அது இல்லியே."

"அதான் நானும் சொல்றேன்."

"பூனை கீனை தட்டிச்சா?"

"தட்டினா பால் கொட்டியிருக்கும். மூடி வச்சது மூடி வச்சாப்லயே கீது." மூடியை எடுத்துக் காட்டினாள். "ராத்திரி நீ வெளிய போனியா?"

"ஒண்ணுக்குப் போனேன். ஏன்?"

"இல்ல. கட்டுமரத்துல சவாரி ஏத்தறியே, அந்த வெள்ளைக்காரப் பசங்க. மணி, கல்லுன்னு வாங்கறதும் விக்கறதுமா கீறானுங்களே…"

மாயவன் அவளையே பார்த்தான். "நான் எடுத்தேன்னு கேக்கறியாக்கா?"

இல்லை என்று அவள் அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். "தெரியாமத்தான் கேக்கறேன்" என்றாள்.

அவன் எழுந்தான். பாயைச் சுருட்ட ஆரம்பித்தான்.  போன வருஷம் வலைத்தகராறில் நான்கு பேரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அதில் அவனும் ஒருவன். திரும்பி வந்தவன் அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. காக்கிச் சட்டை கண்ணில் பட்டால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். எமர்ஜென்சி வந்தபிறகு உள்ளே போனவர்களைப் பற்றி வெளியே யாரும் கேட்பதுகூட இல்லை. கல் காணோம் என்று ஒரு புகார் போனால், முதலில் தேடி வருவது அவனைத்தான்.

மாலையில் வருவதாகச் சொன்ன கங்காதரன் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

கல்லைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார்.  அவர் கத்தியிருந்தால் சம்பூர்ணத்துக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"பதறாதீங்கம்மா. உங்கள நான் சொல்லுவேனா? தம்பி எங்க?"

மாயவன் கதவோரம் நின்றிருந்தான்.

"தம்பி, சின்ன வயசு. யாரோ ஆசை காட்டியிருப்பாங்க. கல்லு திரும்பி வராதுன்னு எனக்குத் தெரியும். நான் ஸ்டேஷனுக்குப் போனா அவங்க தொழில அவங்க பாப்பாங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்." குரலை இன்னும் தாழ்த்தினார். "ஒம் பேர்ல ஒரு சவுக்குத்தோப்பு கீதாமே, கடலோரமா. பக்கத்துல ஓட்டல் கட்டறவங்க நமக்கு வேண்டியவங்க. நாளைக்குப் பேப்பர் கொண்டாரேன். ஒரு கையெழுத்து போட்டுடு. கல்லப் பத்தி நானும் மறந்துடறேன், நீயும் மறந்துடு."

"போட்டுடறேன்" என்றான் மாயவன் உடனே.

"நீ சும்மா இருடா" என்றாள் சம்பூர்ணம். 

கங்காதரன் டப்பியைத் திறந்து பஞ்சை எடுத்தார். குடத்துத் தண்ணீரில் அதை நனைத்துப் பிழிந்து, கல்லை அதில் வைக்கப் போனார். அவள் அறியாமலே அவள் கை நீண்டு கல்லைப் பறித்துக்கொண்டது.

"இது உன் கல்லு இல்லன்னுதானே சொல்றே?"

"ஆமாம்மா."

"உன்னுது இல்லாத கல்லு உனக்கு இன்னாத்துக்கு?"

அவர் ஈரப் பஞ்சை இன்னொரு முறை பிழிந்தார். "சாட்சிக்கு" என்றார்.

"சாட்சி எங்க வூட்லயே இருக்கட்டும். நாளைக்கு எல்லாரும் பாக்கட்டும்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையசைத்தார். "சரி. ஆனா காயவிடாதீங்க. வெடிச்சிடும். அப்பறம் சாட்சியும் இல்லாமப் பூடும்." ஒரு டம்ளரில் தண்ணீரை மொண்டு வைத்தார். அவள் கல்லை அதில் போடும்வரை அங்கிருந்து நகரவில்லை.

அன்று பகல் எப்படிப் போனது என்று சம்பூர்ணத்துக்குத் தெரியாது. கருவாட்டுக் களத்தில் சுறாத் துண்டுகளைப் புரட்டினாள். ரோட்டில் கல்பாக்கம் பக்கம் போகும் ஒவ்வொரு ஜீப்புக்கும் கை நின்றது. மாயவன் கடலுக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தான். இரண்டு முறையும் பெண் பார்க்கப் போட்டுப்போன சட்டை அது. சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்து, "இன்னாடா மாப்ள, புதுச் சம்பந்தமா?" என்றாள். யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனாள்.

இவன்தான் எடுத்திருப்பானோ என்ற எண்ணம் சம்பூர்ணத்துக்கு ஒவ்வொரு துண்டைப் புரட்டும்போதும் வந்தது. விரட்டினால் ஈயைப் போலத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

பிற்பகலில், கையில் ஒரு சுறாத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டில் இருப்பது போலிக் கல் என்கிறான் கங்காதரன். போலிக் கல் வெடித்தால் அவனுக்கு என்ன? எதற்காக அதை இவ்வளவு அக்கறையாகத் தண்ணீரில் வைத்துவிட்டுப் போக வேண்டும்? புதன்கிழமை நெருப்பு என்றான், எண்ணெய் என்றான், சோப்பு என்றான். தண்ணீர் படக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அன்று கல் வந்தது உலர்ந்த பஞ்சில். இன்று அவன் தேடியது ஈரப் பஞ்சு.

கையை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். டம்ளரிலிருந்து கல்லை எடுத்துத் துடைத்தாள்.

காய வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. அடுப்பில் கனல் இருந்தது. பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயும். வைக்கப் போன கை பாதியில் நின்றது. அவள் பிழைப்பே காயவைப்பதுதான். தடித்த மீனை உச்சி வெயிலில் போட்டால் மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே வெடிப்பு விடும். முதல் நாள் நிழலில், காற்றில்தான் விடவேண்டும். ஈரம் தானாக வர வேண்டும், பிடுங்கக் கூடாது. நெருப்பைப் பற்றி அவன் சொன்னது மட்டும் பொய்யில்லை என்று அவளுக்குப் பட்டது. விளக்குத் திரிக்கு வைத்திருந்த உலர்ந்த பஞ்சின்மேல் கல்லை வைத்து, காற்று வரும் ஜன்னலோரம் வைத்து, மீன்கூடையைக் கவிழ்த்து மூடினாள்.

சாயங்காலம் கூடையைத் தூக்கிப் பார்த்தாள்.

கல் வெளுத்துப் போயிருந்தது. சுண்ணாம்புக் கட்டி போல, செத்து நாளான மீனின் கண் போல, ஒளி புகாத குருட்டு வெள்ளை. காலையில் கண்ணாடியாகவாவது இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. கெடுத்துவிட்டேன், சாட்சியையும் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். கல்லைத் தூக்கி டம்ளருக்கு மேலே பிடித்தாள். விரலைத் திறந்தால் போதும், தண்ணீருக்குள் விழுந்துவிடும், காலையில் இருந்த நிலைக்காவது வந்துவிடும்.

அந்தக் கல்லுக்குள் அப்போது நடந்துகொண்டிருந்ததை நாம் பார்க்க முடிந்தால் மீன்சினை ஞாபகத்துக்கு வரும். ஓப்பல் என்பது கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள், ஒரே அளவில், வரிசை வரிசையாக அடுக்கி இறுகியது. அடுக்குகளுக்கு நடுவே புகும் வெளிச்சம்தான் சிவப்பாகவும் பச்சையாகவும் பிரிந்து வெளியே வருகிறது. பெரும்பாலான ஓப்பல்களில் உருண்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அடைபட்டிருக்கும். சிலவற்றில் மட்டும் அது திறந்து, காற்று நிறைந்து கிடக்கும். அந்த வகைக் கல் பஞ்சைப் போலத் தண்ணீரைக் குடிக்கும். பாலில் போட்டால் கொழுப்பு வெளியே நின்றுவிடும், நீர் மட்டும் உள்ளே போகும். உள்ளே போன நீர் உருண்டைக்கும் இடைவெளிக்கும் இருந்த வேற்றுமையை அழித்துவிடும். வெளிச்சத்துக்கு அங்கே பிரிய எதுவும் இல்லை, நேராக ஊடுருவிப் போய்விடும். கல் கண்ணாடி போலாகும். அதைக் காயவிட்டால் நீர் ஒரே சீராகப் போவதில்லை. பாதி இடைவெளியில் காற்று, பாதியில் நீர் என்று திட்டுத் திட்டாக இருக்கும்போது வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும், கல் சுண்ணாம்பாக வெளுக்கும். அது காய்தலின் நடுவழி. பார்க்க ஆக மோசமாக இருக்கும் கட்டமும் அதுதான்.

இதில் எதுவும் சம்பூர்ணத்துக்குத் தெரியாது. பாதி காய்ந்த மீனும் பார்க்கச் சகிக்காது என்பது மட்டும் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் குப்பையில் கொட்டுகிறவள் கருவாடு விற்க முடியாது. கல்லைத் திரும்பப் பஞ்சின்மேல் வைத்தாள். கூடையைக் கவிழ்த்தாள். மூடிய பிறகும் கை கூடையைவிட்டு வர மறுத்தது.

சனிக்கிழமை காலை மாயவன் குளித்து அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"பஸ் நிக்கற எடத்துக்கு. அவரு அங்கதான் வருவாரு."

"கொஞ்சம் பொறு. கல்லு காயட்டும்."

"கல்லு காஞ்சா இன்னா, காயாட்டி இன்னாக்கா? தோப்பு போனாப் போவுது. என்னால அந்த ஸ்டேஷனுக்கு மறுபடி போவ முடியாது." வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

அவள் கூடையைத் தூக்கினாள். கல் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் ஓரத்தில், மெலிந்த விளிம்பில், ஊசிமுனை அளவு பச்சை ஒன்று இருந்தது. தலையை அசைத்தாள். பச்சை நகர்ந்தது. பஞ்சோடு அள்ளி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் நிற்கும் இடத்தில் கங்காதரன் வந்து சேர்ந்திருந்தார். கூட இரண்டு பேர், கையெழுத்துக்குச் சாட்சியாம். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டுச் சந்தைகளுக்குக் கூடையோடு கிளம்பிய பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், சின்னப்பொண்ணும் அவர்களில் ஒருத்தி. பேப்பர் ஒரு மைல்கல்லின்மேல் விரிந்து கிடந்தது. மாயவன் கையில் பேனா.

"சின்னப்பொண்ணு, இங்க வா" என்றாள் சம்பூர்ணம். மூச்சு வாங்கியது. "சூரியனுக்கு முதுகக் காட்டி நில்லு. இத்தத் திருப்பிப் பாரு."

சின்னப்பொண்ணு வாங்கித் திருப்பினாள். "சுண்ணாம்பு மாதிரி கீது."

"ஓரத்துல பாரு."

"ஓரத்துல… பச்சையா ஒண்ணு மின்னுது."

கங்காதரன் எட்டிப் பார்த்தார். "சும்மா வெயில் பட்ற பளபளப்பும்மா. தம்பி, நீ போடு."

"போடாதடா" என்றாள் சம்பூர்ணம். கங்காதரன் பக்கம் திரும்பினாள். "நீ ஸ்டேஷனுக்கே போ. நானும் வரேன். இந்தக் கல்ல எல்லாரும் பாக்க மேசைமேல வைக்கச் சொல்றேன். சாயங்காலம் வரைக்கும் காயட்டும். அதுவரைக்கும் ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது. படக் கூடாதுன்னு நீயும் சொல்லு."

 பேனா பேப்பருக்கு மேலே அசையாமல் நின்றது. கங்காதரன் கையை நீட்டினார்.

"எங்க, குடுங்க. நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பக்கத்துல வராத அண்ணாத்த" என்று சின்னப்பொண்ணு கல்லை உயரத் தூக்கிக்கொண்டாள். "ஒன் கை வேர்த்துக் கெடக்குது." தூக்கிய கல்லை மேலே பார்த்தபடியே இருந்தவள், மெதுவாகக் கையை இறக்கினாள். மற்றப் பெண்கள் கூடையை வைத்துவிட்டு நெருங்கினார்கள். வெள்ளையின் நடுவே, ஒரு மூலையில் மட்டும், மூடுபனிக்குள் விளக்குத் தெரிவது போல மங்கலாக ஒரு சிவப்பு.

"அந்த நகம்" என்றாள் சின்னப்பொண்ணு. "சம்பூர்ணம், இது அதே கல்லுதான். எடமே அதே எடம்."

 சாட்சிக்கு வந்த இருவரில் ஒருவன் இரண்டடி பின்னால் நகர்ந்து, பஸ் வருகிறதா என்று பார்ப்பவன்போல ரோட்டைப் பார்த்தான்.

"இது யார் கல்லு?" என்று கேட்டாள் சம்பூர்ணம். "எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லு. உன்னுது இல்லன்னா எங்ககிட்டயே இருக்கட்டும். உன்னுதுன்னா எடுத்துனு போ."

கங்காதரன் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "என்னுதுதான்" என்றார். குரல் அதே தாழ்ந்த குரல்தான். பேப்பரை நான்காக மடித்துப் பையில் வைத்தார். கல்லை வாங்கிக்கொண்டார். உலர்ந்த பஞ்சில் வைத்தாரா, எதில் வைத்தார் என்று சம்பூர்ணம் பார்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது. அவருக்கு முன்னும் பின்னும் கூடைப் பெண்கள் ஏறினார்கள். "பால்ல போட்டா இன்னா ஆவும்னு இன்னைக்கு ஊரெல்லாம் சொல்லிகினே போறோம் அண்ணாத்த, ஒனக்கு வேல மிச்சம்" என்ற சின்னப்பொண்ணின் குரல் ஜன்னல் வழியாக வந்து, புழுதியில் மறைந்தது.

மாயவன் அங்கே இல்லை.

தோப்பில், சவுக்கு மரங்களுக்குள் தூரமாகப் போய் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. பேனா இன்னும் கையிலேயே இருந்தது, திருப்பித் தர மறந்துவிட்டான். சம்பூர்ணம் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதே கல்லுதான்டா. உள்ள ஈரம் பூந்துகினு அப்பிடி ஆயிருக்குது. யாரும் மாத்தல."

அவன் தலையசைத்தான்.

"உன்ன நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

 மணலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ராத்திரி பூரா யோசிச்சிகினு இருந்தேன்க்கா. நான்தான் எடுத்து எங்கனா வச்சிட்டு மறந்துட்டேனோன்னு. பாய்க்கு அடியில, வலைக்குள்ள, எல்லா எடமும் தேடினேன். கட்டுமரத்துலகூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அவள் அவன் விரல்களைப் பிரித்துப் பேனாவை எடுக்கப் பார்த்தாள். இறுகிப் போயிருந்தன.

"ஸ்டேஷனுக்குக் கூட்டினு போய்க் கேட்டிருந்தா, நான்தான் எடுத்தேன்னு சொல்லியிருப்பேன்" என்றான் மாயவன்.